எஃகுக் கட்டடத்தின் உறுதியை அதன் அடிமண்ணோடு சேர்த்தே சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எஃகுச் சட்டகத்தில் எழும்பும் பல மாடிக் கட்டடங்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளிலும் விளம்பரங்களிலும் ஒரு கூற்று அடிக்கடி இடம்பெறுகிறது. எஃகுச் சட்டகம் கான்கிரீட் சட்டகத்தைவிட எடை குறைந்தது, முறியாமல் வளைந்து கொடுப்பது, ஆகையால் எஃகுக் கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்கும் என்பதே அது. எடை குறைவு என்பதும் வளைந்து கொடுக்கும் என்பதும் உண்மை. அவற்றிலிருந்து எட்டப்படும் முடிவு மட்டும் கட்டடம் நிற்கும் மண்ணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாததால் அரைகுறையானது. எஃகுக் கட்டமைப்புகளை வடிவமைக்கும் பொறியாளன் என்ற முறையில், அந்த விடுபட்ட பகுதியை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1985 செப்டம்பர் 19 அன்று காலை ஏழு மணி கடந்த சில நிமிடங்களில், மெக்சிகோவின் பசிபிக் கடலோரத்தில் மிச்சோகான் மாநிலத்தை ஒட்டி 8.0 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. தலைநகரான மெக்சிகோ நகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அவ்வளவு தொலைவு வருவதற்குள் அலைகள் பெரிதும் தளர்ந்துவிட்டன. நகரின் தென்பகுதியில், எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறையின் மேல் நிற்கும் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் பதிவான தரையின் உச்ச முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 3 முதல் 4 சதவீதம்தான். ஆனால் அதே காலையில், அதே நகரத்தில், பழைய ஏரிப் படுகையின் மேல் அமைந்திருந்த போக்குவரத்து அமைச்சக வளாகத்தின் கருவி 17 சதவீதத்தைப் பதிவு செய்தது. நிலநடுக்க மையத்துக்கு அருகே, கடலோரப் பாறையில் பதிவான முடுக்கமும் ஏறத்தாழ இதே அளவுதான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு தணித்துவிட்ட அதிர்வை நகரத்தின் அடியில் இருந்த சில பத்து மீட்டர் களிமண் மீண்டும் பெருக்கிவிட்டது. பல்லாயிரம் பேர் இறந்த அந்தப் பேரழிவின் வரைபடத்தை ஏரியின் பழைய எல்லையோடு ஒட்டிப் பார்த்தால், இடிந்த கட்டடங்களில் பெரும்பாலானவை எல்லைக்கு உள்ளேயே இருப்பதைக் காணலாம்.

அந்த ஏரியின் பெயர் டெக்ஸ்கோகோ. அஸ்டெக் மக்கள் அதன் நடுவில் இருந்த தீவில் தங்கள் தலைநகரை அமைத்தார்கள். ஸ்பானியர் ஆட்சியில் ஏரி நீர் படிப்படியாக வடிக்கப்பட, நகரம் படுகையின் மேல் பரவியது. எரிமலைச் சாம்பல் படிந்து உண்டான அந்தக் களிமண்ணில், திடப்பொருளின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு எடை நீரே இருக்கிறது. அதனுள் குறுக்கதிர்வு அலை, அதாவது மண்ணைப் பக்கவாட்டில் அசைத்தபடி செல்லும் நிலநடுக்க அலை, விநாடிக்கு சுமார் 80 மீட்டர் வேகத்தில்தான் நகரும். கெட்டிப் பாறையில் அதே அலை விநாடிக்கு ஆயிரம் மீட்டரையும் கடந்து செல்லும். மண்படிவத்தின் ஆழத்தை நான்கால் பெருக்கி அலை வேகத்தால் வகுத்தால், அந்தப் படிவம் எத்தனை விநாடிக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஆட விரும்புகிறது என்ற கணக்கு கிடைக்கும். ஆழம் 40 மீட்டர், வேகம் 80 மீட்டர் என்றால் விடை 2 விநாடி. அன்று போக்குவரத்து அமைச்சக வளாகத்தின் கருவி வரைந்த கோடும் ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சீரான அலையாகவே, வெகுநேரம் நீண்டிருந்தது.

கட்டடங்களுக்கும் இப்படி ஓர் இயல்பான அலைவு நேரம் உண்டு. தோராயமாகப் பத்து மாடிக்கு ஒரு விநாடி என்று பொறியாளர்கள் மனக்கணக்காகச் சொல்வார்கள். நிறைகுடத்தை இடுப்பில் ஏந்தி நடப்பவர்களுக்குத் தெரியும்: மெதுவாக நடந்தாலும் விரைந்து நடந்தாலும் சிந்தாத நீர், இடைப்பட்ட ஒரு நடை வேகத்தில் மட்டும் அலையெழுந்து வழியும். மண்ணின் அலைவு நேரமும் கட்டடத்தின் அலைவு நேரமும் நெருங்கும்போது நேர்வதும் இதுதான். இதையே ஒத்ததிர்வு என்கிறோம். 1985-இல் ஏரிப் படுகையில் நின்ற ஒன்றிரண்டு மாடி வீடுகளும், கனத்த சுவர்களைக் கொண்ட பழைய தேவாலயங்களும் பெரும்பாலும் தப்பின. ஆறு மாடி முதல் பதினைந்து மாடி வரையிலான, ஒப்பீட்டில் புதிய கட்டடங்களே மிகுதியாக நொறுங்கின. சேதமடையத் தொடங்கிய கட்டடத்தின் விறைப்பு குறையக் குறைய அதன் அலைவு நேரம் நீளும். ஒரு விநாடியில் ஆடத் தொடங்கிய கட்டடம், விரிசல் விட விரிசல் விட இரண்டு விநாடியை நோக்கி, தன்னை அழிக்கும் அதிர்வை நோக்கித் தானே நகர்ந்தது.

எஃகுக்கு இதில் தனிக் கவலை உண்டு. ஒரே உயரமுள்ள கான்கிரீட் சட்டகத்தைவிட எஃகுச் சட்டகம் மெலிந்தது, விறைப்புக் குறைந்தது. ஆகவே அதன் அலைவு நேரம் நீளமானது. நிலநடுக்கத்துக்கான கட்டட வடிவமைப்பை வகுக்கும் நமது இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு தரும் தோராயச் சூத்திரத்தின்படி, 30 மீட்டர் உயரமுள்ள எஃகுச் சட்டகத்துக்கு 1.09 விநாடி, அதே உயரமுள்ள கான்கிரீட் சட்டகத்துக்கு 0.96 விநாடி. மென்மண் எந்த வகை அதிர்வைப் பெருக்குகிறதோ அந்தப் பக்கமாகவே எஃகு ஓரடி தள்ளி நிற்கிறது. அதோடு, ஆட்டத்தைத் தானே தணித்துக்கொள்ளும் திறனும் எஃகுக்குக் குறைவு. 2002-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 1893 பதிப்பு, இயக்கப் பகுப்பாய்வில் கான்கிரீட் கட்டடத்துக்கு 5 சதவீதமும் எஃகுக் கட்டடத்துக்கு 2 சதவீதமும் தணிப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னது. 2016 பதிப்பு எல்லாப் பொருளுக்கும் 5 சதவீதம் என்று பொதுவாக்கிவிட்டது. கணக்கை எளிமையாக்கிய அந்த மாற்றம், மென்மண்ணில் நிற்கும் உயரமான எஃகுக் கட்டடத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதா என்று வடிவமைப்பவர் தன்னளவில் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சீரான அதிர்வு வெகுநேரம் நீடிக்கும் இடத்தில், தணிப்பு குறையக் குறைய ஆட்டத்தின் வீச்சு பன்மடங்காகும்.

இவையெல்லாம் ஒரே இடத்தில் கூடிவந்ததற்கு மெக்சிகோ நகரின் பினோ சுவாரஸ் வளாகம் சான்று. மெட்ரோ நிலையத்தின் மேல் எழுப்பப்பட்ட ஐந்து எஃகுக் கோபுரங்கள் அங்கே நின்றன. மூன்று இருபது மாடிகளைத் தாண்டியவை, இரண்டு அவற்றைவிட உயரம் குறைந்தவை. உயரமானவற்றுள் ஒன்று முழுமையாகச் சரிந்து, பக்கத்தில் இருந்த குட்டையான கோபுரத்தின் மேல் விழுந்தது. நவீன எஃகுச் சட்டகக் கட்டடம் நிலநடுக்கத்தில் முற்றாக இடிந்து விழுவது அதற்கு முன் உலகம் அறியாதது என்பதால், பொறியாளர்கள் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நான்கு தகடுகளை மூலைகளில் பற்றவைத்துச் செய்த பெட்டித் தூண்கள் அவை. குறுக்குத் தாங்கிகளும் உத்தரங்களும் வரைபடத்தில் கணக்கிட்டதைவிட வலுவாக அமைந்திருந்ததால், அவை இளகி விட்டுக்கொடுக்க வேண்டிய தருணத்தில் விட்டுக்கொடுக்காமல் முழுச் சுமையையும் தூண்களுக்கே கடத்தின. தகடுகள் பிதுங்கின, மூலை வெல்டிங் பிளந்தது, தூண் தன் மேல் இருந்த மாடிகளைத் தாங்கும் வலுவை இழந்தது. பாறையின் மேல் இதே கோபுரம் நின்றிருந்தால் அதன் வெல்டிங் குறைகளும் கணக்குக் குறைகளும் வெளியே தெரியாமலே போயிருக்கக்கூடும். மென்மண் ஒரு கட்டடத்தின் எல்லாக் குறைகளையும் மீண்டும் மீண்டும், பல சுற்றுகள் சோதித்துப் பார்க்கிறது.

அதே நகரத்தில், அதே ஏரிக் களிமண்ணில், அதே உலோகத்தால் கட்டப்பட்ட லத்தீன் அமெரிக்கக் கோபுரம் 1956-இல் திறக்கப்பட்டது. 44 மாடிகள், உயரம் 180 மீட்டருக்கும் மேல். 1957-இல் வந்த நிலநடுக்கத்தையும் 1985-இல் வந்ததையும் அது பெரிய சேதமின்றிக் கடந்தது. அதை வடிவமைத்த லியோனார்டோ செவார்ட் மண்ணியலையும் கட்டமைப்பையும் பிரித்துப் பார்க்காதவர். அவருக்கு ஆலோசனை சொன்னவர் அமெரிக்கப் பேராசிரியர் நேதன் நியூமார்க். களிமண்ணின் ஊடாக முப்பது மீட்டருக்கும் கீழே உள்ள மணற்படிவம் வரை பைல்கள், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளத் தூண்கள், இறக்கப்பட்டன. தோண்டியெடுத்த மண்ணின் எடை கட்டடத்தின் எடையில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் வகையில் ஆழமான பெட்டி அடித்தளம் அமைக்கப்பட்டது. கோபுரத்தின் முதன்மை அலைவு நேரம் மூன்றரை விநாடியை ஒட்டியது. மண்ணின் இரண்டு விநாடியிலிருந்து அது தள்ளி நின்றது. ஒரு கோபுரம் விழவும் மற்றொன்று நிற்கவும் காரணமான வேறுபாட்டை எஃகின் தரத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது.

மண்ணின் இயல்பு முன்னரே தெரிந்திருக்கவில்லை என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். மெக்சிகோ நகரின் 1976-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளே ஏரிப் பகுதியைத் தனி மண்டலமாகப் பிரித்து, அதற்குக் கூடுதலாக 0.24 என்ற நிலநடுக்கக் குணகத்தை, அதாவது கட்டடத்தின் எடையில் பக்கவாட்டு விசையாகக் கணக்கிட வேண்டிய பங்கை, வகுத்திருந்தன. பேரழிவுக்குப் பின் அது 0.40 ஆக உயர்த்தப்பட்டது. இன்று அந்நகரில் கட்டடம் கட்டுபவர், மனை அமைந்துள்ள இடத்தைக் குறிப்பிட்டு, எந்த அலைவு நேரத்துக்கு எவ்வளவு நிலநடுக்க விசை என்று காட்டும், அந்த இடத்து மண்ணுக்கே உரிய வடிவமைப்பு வரைகோட்டை அரசு ஏற்ற கணினிச் செயலியிலிருந்து பெற முடியும். 2017-இல், அதே செப்டம்பர் 19 அன்று, 7.1 அளவுள்ள மற்றொரு நிலநடுக்கம் வந்தது. இம்முறை மையம் நகரத்திலிருந்து 120 கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்ததால் அதிர்வு குறுகிய அலைவுகளாக வந்தது. களிமண் அவ்வளவு ஆழமில்லாத, ஏரியின் விளிம்பை ஒட்டிய பகுதிகளில் உயரம் குறைந்த கட்டடங்கள் மிகுதியாக விழுந்தன. மென்மண் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், எத்தகைய நிலநடுக்கம் என்று கேட்க வேண்டியிருப்பதை இது காட்டுகிறது.

ஜப்பானின் அனுபவம் இன்னும் தொலைவுக்குப் போகிறது. 2011 மார்ச் 11 அன்று தோஹோகு கடலோரத்தில் 9.0 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டபோது, 700 கிலோமீட்டருக்கும் அப்பால் ஒசாகா விரிகுடாவில் கடலை நிரப்பி உருவாக்கிய நிலத்தில் நின்ற 55 மாடி சாகிஷிமா அரசுக் கட்டடம் ஏறத்தாழ பத்து நிமிடம் ஆடியது. தரையில் நின்றவர்கள் உணர்ந்த அதிர்வு சிறியது. ஆனால் உச்சித் தளம் ஒரு பக்கத்துக்கு ஒரு மீட்டருக்கும் மேல் விலகியது. உட்சுவர்களும் கூரைப் பலகைகளும் சேதமடைந்தன. மின்தூக்கிகளில் ஆட்கள் சிக்கினார்கள். 256 மீட்டர் உயரமுள்ள அந்த எஃகுக் கட்டடத்தின் அலைவு நேரமும், விரிகுடாவின் ஆழமான படிவங்கள் பெருக்கிய நீண்ட அலைவு நேரமும் நெருங்கியிருந்ததே காரணம். பின்னர் அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்தி அதை வலுப்படுத்தினார்கள்.

நம் நாட்டில் 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின்போது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் சபர்மதியின் ஆழமான வண்டலின் மேல் நிற்கும் அகமதாபாத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இடிந்து விழுந்தன. அவை கான்கிரீட் கட்டடங்கள். தரைத்தளத்தைச் சுவரின்றி வாகனங்களுக்கு விட்டிருந்ததும், கட்டுமானத் தரமும் அதில் பெரும் பங்கு வகித்தன. ஆனால் மண்ணின் பங்கை யாரும் மறுக்கவில்லை. 2002-இல் வெளிவந்த ஐ.எஸ். 1893 திருத்தம் சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து, அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா கடற்பகுதியில் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டபோது, 1,800 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவில் இருந்த சென்னையில் மக்கள் உயரமான அலுவலகக் கட்டடங்களிலிருந்து வெளியேறியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொலைவிலிருந்து வரும் பெரிய நிலநடுக்கம் குறுகிய அலைவுகளை வழியிலேயே இழந்து, நீண்ட அலைவுகளையே கொண்டுவருகிறது. உயரமான, மெலிந்த கட்டடங்கள் அவற்றையே முதலில் உணரும்.

சென்னையின் களிமண் மெக்சிகோவின் களிமண்ணைப் போன்றதன்று. இங்கே அத்தகைய பேரழிவு வரும் என்று அச்சுறுத்துவதும் என் நோக்கமன்று. ஆனால் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் சார்னகைட் பாறை தரைமட்டத்திலேயே தெரிய, பள்ளிக்கரணைச் சதுப்பையும் அடையாறு, கூவம் ஆறுகளின் கரைகளையும் ஒட்டி மென்களிமண்ணும் வண்டலும் கிடக்கின்றன. ஒரே நகரத்துக்குள் மண் இவ்வளவு மாறுகிறது. ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு மண்ணைக் கடினம், நடுத்தரம், மென்மை என மூன்றாகப் பிரிக்கிறது. 0.4 விநாடிக்கும் குறைந்த அலைவு நேரமுள்ள சிறு கட்டடங்களுக்கு மூன்று மண்ணிலும் ஒரே விசைதான். உயரம் கூடக் கூட வேறுபாடு விரிகிறது. ஒரு விநாடிக்கு மேல் அலைவு நேரமுள்ள எஃகுச் சட்டகத்துக்கு, பாறையைவிட மென்மண்ணில் 67 சதவீதம் கூடுதல் விசையைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே மண் வகையைத் தவறாகக் குறிப்பது வெறும் எழுத்துப் பிழையாக நின்றுவிடாது.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். சென்னை போன்ற கடற்கரை நகரத்தில் புயற்காற்றின் விசையே வடிவமைப்பைத் தீர்மானிக்கிறது, நிலநடுக்க விசை அதற்குள் அடங்கிவிடும் என்று எங்கள் துறையிலேயே பலர் சொல்வார்கள். ஒற்றைத் தளத் தொழிற்கூடங்களுக்கும் கிடங்குகளுக்கும் அது பெரும்பாலும் சரி. பல மாடிச் சட்டகத்துக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. காற்றுக்கு எதிராகக் கட்டடம் மீள்தன்மை எல்லைக்குள்ளேயே, அதாவது விசை நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும்படியே, நிற்குமாறு வடிவமைக்கிறோம். நிலநடுக்கத்துக்கோ, சட்டகம் சில இடங்களில் இளகி வளைந்து அதிர்வின் ஆற்றலை விழுங்கிக்கொள்ளும் என்று நம்பி, உண்மையான விசையை மூன்றால் அல்லது ஐந்தால் வகுத்த பிறகே கணக்கிடுகிறோம். அந்த வளைவு எங்கே நிகழ வேண்டும், இணைப்புகள் அதற்குத் தாங்குமா என்பதைக் காற்றுக் கணக்கு சொல்லாது. 1994-இல் கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பின், வெளியே சேதமே தெரியாத நூற்றுக்கும் மேற்பட்ட எஃகுக் கட்டடங்களில் உத்தரமும் தூணும் சேரும் வெல்டிங் பிளந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே மண் முதன்மைக் காரணமன்று. ஆனால் அத்தகைய இணைப்பு மென்மண்ணின் மேல், இன்னும் பல சுற்று ஆட்டத்துக்கு உட்பட்டால் என்ன ஆகும் என்பதைப் பொறியாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடித்தளத்தைப் பற்றியும் சில சொற்கள். எஃகுத் தூணின் அடித்தகடு அசையாமல் பதிந்திருக்கிறது என்று கணினி மாதிரியில் வைத்துக்கொள்கிறோம். மென்மண்ணில் பைல் தொகுதியே சற்றுச் சுழலும். அந்தச் சிறு சுழற்சி உச்சித் தளத்தில் பெரிய நகர்வாக மாறும், நகர்ந்த எடை தூணை மேலும் வளைக்கும். குறுகிய இடைவெளியில் மூலைவிட்டத் தாங்கிகள் பொருத்திய சட்டகங்களில், ஒரு பக்கத் தூண் கீழே அழுத்தும்போது மறுபக்கத் தூண் பைலை மேலே இழுக்கிறது. மண் பக்கத்தில் உரசும் பிடிப்பை மட்டும் நம்பியிருக்கும் பைல் அந்த இழுவிசையை மாறி மாறி ஏற்றால், களிமண்ணின் பிடிப்பு தளர்ந்துகொண்டே போகும். 1985-இல் மெக்சிகோ நகரில் ஒரு கட்டடம் பைல்கள் பிடுங்கப்பட்டு அப்படியே சாய்ந்தது. கட்டடத்தின் எடையைத் தாங்கும் பைல் அதன் இழுப்பையும் தாங்குமா என்பது தனிக் கேள்வி. அதைத் தனியாகவே கேட்க வேண்டும்.

நான் பார்த்த மண் பரிசோதனை அறிக்கைகளில் பல, தாங்குதிறன் எவ்வளவு, பைல் எத்தனை டன் தாங்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்வதோடு நின்றுவிடுகின்றன. நிலநடுக்கத்துக்கான மண் வகை, நடுத்தரம் என்ற ஒரு சொல்லாக, முந்தைய அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியதுபோல ஒரு மூலையில் இருக்கும். தரைமட்டத்திலிருந்து 30 மீட்டர் ஆழம் வரை உள்ள படிவங்களின் சராசரியைக் கொண்டே மண் வகையை முடிவு செய்ய வேண்டும் என்று 2016 தரநிலை சொல்கிறது. மண் பரிசோதனைக்காக இட்ட துளை அதைவிடக் குறைந்த ஆழத்தில் நிறுத்தப்பட்டிருந்தால் அந்தச் சராசரி எங்கிருந்து வந்தது? மண்ணில் அலை செல்லும் வேகத்தை நேரடியாக அளப்பது அரிய வித்தையன்று. தரையில் வரிசையாக உணரிகளைப் பதித்து, சம்மட்டியால் அடித்து, மேற்பரப்பு அலைகளைப் பதிவு செய்யும் முறை நம் நாட்டிலும் பயன்பாட்டில் இருக்கிறது.

ஆகவே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தையும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எஃகுச் சட்டகத்தில் எழும்பும் உயரமான கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தரும்போது, 30 மீட்டர் ஆழம் வரை அளந்த அலை வேகத்தையும், அதிலிருந்து கணக்கிட்ட மண்ணின் அலைவு நேரத்தையும், கட்டடத்தின் அலைவு நேரத்தையும் ஒரே தாளில் அருகருகே எழுதி, வடிவமைத்த பொறியாளர் கையொப்பமிட வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். இரண்டும் நெருங்கியிருந்தால் அந்த இடத்துக்கே உரிய தனி ஆய்வு செய்யாமல் அனுமதி தரக் கூடாது. தேசிய நில அதிர்வு மையம் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் மேற்கொண்ட, நகரத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து நிலநடுக்க அபாயத்தை மதிப்பிடும் நுண்மண்டல ஆய்வின் வரைபடங்கள் அனுமதிக் கோப்பில் இணைக்கப்பட வேண்டும். வீடோ அலுவலகமோ வாங்குபவர் கேட்டால் அந்தத் தாளின் நகல் அவருக்குத் தமிழில் கிடைக்க வேண்டும். விளம்பரத்தில் எஃகின் பெருமையைச் சொல்லும் நிறுவனத்துக்கு, மண்ணின் வகையை அதே பக்கத்தில் அச்சிடுவது பெரிய சுமையாக இராது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 1985-இல் மெக்சிகோ நகரின் களிமண் என்ன செய்தது என்பதை உலகம் இவ்வளவு துல்லியமாக அறிந்ததற்குக் காரணம், ஏரிப் படுகையின் மேல் சில கருவிகள் அன்று வேலை செய்துகொண்டிருந்ததுதான். சென்னையில் மென்மண்ணின் மேல் நிற்கும் உயரமான எஃகுக் கட்டடங்கள் சிலவற்றின் அடித்தளத்திலும் உச்சித் தளத்திலும், அருகே பாறை தெரியும் ஓரிடத்திலும் அதிர்வை அளக்கும் முடுக்கமானிகளை நிறுவி, அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை அண்ணா பல்கலைக்கழகத்திடமோ சென்னை ஐ.ஐ.டி.யிடமோ ஒப்படைக்கலாம். தொலைவில் எழும் அடுத்த பெரிய நிலநடுக்கத்தின்போது, சேதம் எதுவும் இல்லாவிட்டாலும், நம் மண்ணும் நம் கட்டடங்களும் எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஆடுகின்றன என்ற கணக்கு நம் கையில் இருக்கும். அதன் பிறகு வடிவமைக்கும் கட்டடங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர்,
சென்னை